அம்பிளி பஸ்ஸில் போன சோறு

ராமாத்தாள் காலி கேரியரை அனுப்பி அனுப்பியே புருஷனைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பேச்சு உண்டு. மீன் வாங்கும் இடத்தில் இதை ஆரம்பித்தால் மீனை வெயிலில் விட்டுவிட்டு நாலு பேர் கேட்பார்கள். முடிவெட்டும் கடையில் ஆரம்பித்தால் கத்தரிக்கோல் நின்றுவிடும்; பாதித் தலையோடு ஒருத்தன் கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்ப்பான். சொல்கிறவன் சாமர்த்தியத்துக்குத் தக்கபடி கதையும் வளரும். சோற்றில் மணல் கலந்தாள் என்பார் ஒருத்தர். பாகற்காய்க்குள் எதையோ அரைத்து வைத்தாள் என்பார் இன்னொருத்தர். ஆனால் காலி கேரியர் மட்டும் எல்லார் கதையிலும் வரும்.

நான் வம்பு பேசாத யோக்கியன் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறவன் வம்பு பேசாவிட்டால் வெற்றிலையில் ஈதான் உட்காரும். ஆனால் அந்தக் கேரியர் தினமும் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதன் கனத்தைக் கையால் தூக்கியும் பார்த்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். பாதிக் கதை கேட்டுவிட்டுப் போனவர்களால்தான் இவ்வளவு தொல்லையும்.

ராமாத்தாக்கா உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணம் முடிந்து இங்கே வந்தவள், கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கூட்டிவிட்டுப் போன தெருவில் பூனைகூட யோசித்துத்தான் காலை வைக்கும். புருஷன் ராக்கப்பண்ணன் பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தூக்கினவர். பஜாரில் மூட்டைகள் குறைந்ததும் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போனார். முதுகுதான் சுமைகாரனுடையது, வாய் முதலாளியுடையது. ஒரே மகள் அஞ்சனா.

அஞ்சனாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். சமையல் முழுக்க அக்கா கைதான். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா இலையை விரலால் நோண்டிப் பார்த்துவிட்டு, "இது சாம்பாரா, இல்ல ரசமா?" என்று கேட்டார். ராக்கப்பண்ணன் கள்ளுக்கடை வழியாக வீட்டுக்கு வந்திருந்தார். நேரே போய் சாம்பார் வாளியைத் தூக்கினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சம்பந்தி" என்று அதை அவர் தலையில் கவிழ்த்தார்.

முருங்கைக்காய் ஒன்று சம்பந்தியின் காதில் தொங்கியதை நான் பார்த்தேன். சிரிக்க முடியாத இடம். கல்யாணம் நின்றது. அஞ்சனா பிறகு தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்று சாயங்காலம் வாசலில் நின்று அக்கா சொன்ன சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

"நானா வந்து கூப்பிடற வரைக்கும் இந்தப் படி ஏறக்கூடாது."

"நீ கூப்பிட்டாத்தானே? போடி" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். கிடங்கு வாசலில் இருந்த வாட்ச்மேன் கேபினே வீடானது. அக்காவின் சாம்பாருக்காகத்தான் அந்த மனிதர் சண்டை போட்டார் என்பதை அவளிடம் எடுத்துச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் சாயங்காலமே மூன்றடுக்குக் கேரியரோடு அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

"என்னக்கா, சமாதானமா?" என்றேன்.

"சமாதானமும் இல்ல, சட்டினியும் இல்ல. சர்க்கரை வியாதிக்காரன் ஓட்டல் சோத்தத் தின்னு கால் அழுகிச் செத்தான்னா அந்தப் பழியும் என் தலைலதான் விழும். வாய மூடிட்டு வெத்தலைக்குத் தண்ணி தெளி."

அந்தக் காலத்தில் அம்பிளி என்று ஒரு பஸ் ஓடியது. முதலாளி பிஜு தன் மகள் பெயரை முன்கண்ணாடிக்கு மேலே பூப்போட்டு எழுதி வைத்திருந்தார். மற்ற பஸ்கள் தோப்பும்படி தாண்டிப் பாலம் ஏறி, தீவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு எறணாகுளத்துக்கு ஓடிவிடும். அம்பிளி மட்டும்தான் தீவுக்குள்ளே திரும்பித் துறைமுக ஆபீஸ்கள், கிடங்குகள் என்று ஒரு சுற்று சுற்றி வரும். கண்டக்டர் சேவியர்.

"சேச்சி, மூணு அடுக்குன்னா மூணு டிக்கெட்டு எடுக்கணும்" என்பான்.

"உன் பஸ்ஸுல ஒரு சீட்டுக்கு ஒழுங்கா முதுகு உண்டாடா? டிக்கெட்டாமே டிக்கெட்டு. சாயாமக் கொண்டு போ."

டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் வைத்தால் கிடங்கு போய்ச் சேரும்வரை சோறு சூடு ஆறாது. அந்த மூடிமேல் என்னென்னவோ போகும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்குக் கஞ்சி போகும். தைத்த ஜாக்கெட் போகும். ஒருநாள் ஒரு வாத்தியார் வீட்டில் மறந்துவிட்டுப் போன பல்செட்டு தாளில் சுற்றிப் போனது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் சேவியர் மட்டும்தான். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

காலி கேரியர் மறுநாள் காலை டிரிப்பில் திரும்பி வரும். அக்கா அந்நேரம் ஸ்டாப்பில் கூட்டிக்கொண்டிருப்பாள். விளக்குமாற்றை என் கடையில் சாத்திவிட்டு ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்ப்பாள். புருஷன் பேசுவது அதற்குள்தான் இருக்கும். உப்பு குறைந்திருந்தால் அடுக்கில் ஒரு உப்புக்கல் கிடக்கும். காரம் அதிகம் என்றால் ஒரு மிளகாய்க் காம்பு. மாத்திரை தீர்ந்தால் காலி அட்டை. உடம்பு சரியில்லை என்றால் பாதிச் சோறு அப்படியே வரும். அன்றைக்குக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் போகும். இரண்டு பேரிடமும் போன் இருந்தது, அஞ்சனா வாங்கிக் கொடுத்தது. அதில் இரண்டு பேரும் மகளோடு பேசுவார்கள். ஒருத்தருக்கொருத்தர் கேரியர்தான்.

உப்புக்கல் வருகிற நாளில் ஸ்டாப்பே அதிரும். "கொழுப்பப் பாரு! உக்காந்த இடத்துல திங்கறதுக்கு உப்புப் பத்தலயாம். கடல் பக்கத்துலதானே கெடக்கறான், போய் அள்ளிக்கச் சொல்லு!" சேவியர் விசிலை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குவான். அன்று சாயங்காலம் போகிற குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஊரில் ஒரே வீட்டுக்குள் இருக்கிற புருஷன் பெண்டாட்டி இவ்வளவு பேசிக்கொண்டார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு கொரோனா வந்தது. எல்லா பஸ்ஸும் நின்றது. திரும்ப ஓட ஆரம்பித்தபோது பாதிச் சீட்டில்தான் ஆள் இருந்தது. இருக்கிறவன் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்துவிட்டான்; இல்லாதவன் வேலைக்கே போகவில்லை. டீசல் விலை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம் என்று பிஜு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் நிற்பது மரம் விழுகிற மாதிரி சத்தத்தோடு நடப்பதில்லை. முடி கொட்டுகிற மாதிரிதான். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்றார்கள். சரி, ஞாயிறுதானே என்றோம். அப்புறம் மத்தியான டிரிப் போயிற்று. ஒருநாள் காலையில் அம்பிளியே வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான், ஒரு வொர்க்‌ஷாப் பின்னால் டயர் இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்தது.

தீவில் ஒரு ஆபீஸ் கூட்டிக்கொண்டிருந்த வீரலட்சுமிக்கு, ஆட்டோவில் போய்வந்தால் சம்பளமே அதற்குச் சரியாகிவிடும் என்பதால் வேலை போயிற்று. மாதாமாதம் ஆஸ்பத்திரி போன கிழவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்கள். படகில் போகலாமே என்பீர்கள். எங்கள் படகுத்துறை அப்போது சேறு ஏறி மூடிக் கிடந்தது. பஸ் வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டோம். பேச வேண்டியவர் பஸ் கிடைக்காமல் வரவில்லை. என் கடைக்கு எதிரே, முன்பு பெண்கள் கேரியரும் கூடையுமாக நின்ற இடத்தில், இப்போது ஒரு செவலை நாய் குடும்பத்தோடு இருக்கிறது.

சேவியர் கடைசியாக வந்தது, ஒரு பெரிய சிவப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில்.

"இனி இதாணு ஜோலி, சேச்சி. போன்ல ஆர்டர் பண்றவங்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"அப்படின்னா என் சோத்தையும் கொண்டு போயேன்டா."

"உங்க அடுப்பு அந்தப் போன்ல வராதல்லோ சேச்சி."

ஆனாலும் அவன் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனான். எறணாகுளம் போகிற பஸ் பாலத்தடியில் நிற்கும். அங்கே ஸ்ரீநாத் என்பவனின் சாயாக்கடை. கண்டக்டர் கேரியரை அங்கே இறக்குவார். ராக்கப்பண்ணன் நடந்து வந்து எடுத்துக்கொள்வார். காலையில் காலி கேரியர் அதே வழியாகத் திரும்பி வரும். பாலத்தடியிலிருந்து கிடங்கு பக்கம் இல்லை. இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். ஆனால் நடப்பது சர்க்கரைக்கு நல்லது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அடுத்தவன் நடப்பது எப்போதும் நல்லதுதான்.

கொஞ்ச நாள் எல்லாம் பழையபடி நடந்தது. பிறகு கேரியர் பேசுவதை நிறுத்தியது. உப்புக்கல் வரவில்லை. மிளகாய்க் காம்பு வரவில்லை. மாத்திரை அட்டையும் வரவில்லை. துளி பருக்கை இல்லாமல், கண்ணாடி மாதிரி துலக்கிய கேரியர் மட்டும் வந்தது.

"வயசானா வாய் அடங்கும்னு சொல்வாங்க. சரியாத்தான் இருக்குது" என்றாள் அக்கா.

"மாத்திரைக்கா?"

"அங்கயே எங்காவது வாங்கிக்கறாராட்ட இருக்குது" என்றாள். மூன்று அடுக்கையும் இரண்டாவது தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் மேல் அடுக்கில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. தமிழில் கம்பெனி பெயர் அச்சடித்த காகிதம் சுற்றிய மிட்டாய். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பாத்தியா செல்லப்பா. கெழவனுக்கு இப்பத்தான் புத்தி வருது."

"சர்க்கரைக்காரன் மிட்டாய்க்கடைப் பக்கமே போகக்கூடாதேக்கா."

"அந்த ஆளா தின்னாரு? எனக்குத்தானே வாங்கியிருக்கறாரு."

"அப்படின்னா போய்க் கூப்பிட்டுக்கிட்டு வந்துர வேண்டியதுதானே? நீ கூப்பிடணும்னுதானே பேச்சு?"

அவள் மிட்டாயை முந்தானையில் முடிந்தாள். "இன்னொண்ணு வரட்டும். ஒத்த மிட்டாய்க்கு எறங்கிப் போனா அப்புறம் தலைமேல ஏறிக்குவாரு."

அன்றிலிருந்து கேரியர் கனத்தது. நெய் மணத்தது. சர்க்கரை போடாத பணியாரம்கூடப் போனது. இரண்டாவது மிட்டாய்தான் வரவில்லை. அவளும் கிளம்பவில்லை. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். கட்டிலுக்குப் புதிதாகக் கயிறு போட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் பொங்கல் வருதில்ல என்றாள். பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

ஒரு சாயங்காலம் கேரியரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு என் கடையில் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. அஞ்சனா. அழுகையில் பாதி புரியவில்லை. அப்பா கேபினில் விழுந்து கிடக்கிறார், கிடங்குக்காரர்கள் ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார்கள், அம்மா பாலத்தடியில் போய் நிற்கட்டும், வண்டி அங்கே நின்று ஏற்றிக்கொள்ளும் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த பஸ் எப்போது என்று கேட்க எங்கள் ஸ்டாப்பில் அந்த நாய்தான் இருந்தது. முதல் ஆட்டோக்காரன் திரும்பி வர சவாரி கிடைக்காது என்று போய்விட்டான். இரண்டாமவன் வண்டியில் அக்கா கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கடைப் பலகையைப் போட்டுவிட்டுக் கூட ஏறினேன்.

பாலத்தடியில் ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. ரோட்டோரம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. சாயாக்கடை பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மடியில் இருந்தது அக்காவின் கேரியர்.

அக்கா அவன் முன்னால் போய் நின்றாள்.

"இது யாருது தம்பி?"

"தெரியாதுக்கா. யாரோ ஒரு பெரியவருக்கு வர்ற சோறு. அவரு வேண்டாம்னுட்டாராம், கடைக்காரரு எங்களுக்குத் தர்றாரு." அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தினான். "உங்க சோறாக்கா? ஐயோ. நான் முத்துவேலு, தூத்துக்குடி. லோடு எறக்க நாள் கணக்காக் காத்துக் கெடப்போம். வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்துச்சு. ஒருநா மனசு கேக்காம ஒரு கடலை மிட்டாய் போட்டு அனுப்பினேன். கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றாள் அக்கா.

ஸ்ரீநாத் சாயா ஆற்றுவதை விட்டுவிட்டு வந்தான். "அந்தச் சேட்டன் இங்க வந்து ரொம்ப நாள் ஆச்சு அம்மா. குதிகால்ல புண்ணு. துணி சுத்திக் கம்பு ஊனி வந்தாரு. 'இனி நடக்க முடியாது, சோறு வீணாக வேண்டாம், லாரிக்காரங்களுக்குக் கொடு' என்னு சொன்னாரு. 'பாத்திரத்த நல்லாக் கழுவி அனுப்பணும், ஒரு பருக்கை மிச்சம் இருக்கக்கூடாது, மிச்சம் கண்டா அவ பயந்துரும்' என்னும் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லட்டான்னு கேட்டேன். கால் போச்சுன்னு சொன்னா கெஞ்சற மாதிரி ஆயிரும், அவளாக் கூப்பிடட்டும்னாரு."

"அப்ப அவரு என்ன தின்னாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"கிடங்கில் யாராவது பன்னும் சாயாவும் கொண்டுபோய்க் கொடுக்கும்னு கேள்விப்பட்டேன்."

முத்துவேல் கேரியரை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைக்கப் போனான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சாப்பிடு. உப்பு இருக்குதா?"

அவன் இன்னொரு வாய் எடுத்து மென்றான். கேட்டது அவ்வளவு சாதாரணமான குரலில். "கொஞ்சம் கம்மிதான்க்கா" என்றான்.

அக்கா கடைக்குள் கையை நீட்டி உப்பு டப்பாவை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்கதவைத் திறந்தபோது வந்த வாடையில் நான் முகத்தைத் திருப்பினேன். அக்கா திருப்பவில்லை. ஏறி, அந்தத் துணி சுற்றிய காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். நான் வெளியே நின்றதால் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கூப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ராக்கப்பண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் டாக்டர், "சர்க்கரை ஏறி, புண் அழுகி, உடம்புல ஆகாரமே இல்லாம இருந்திருக்கிறார், வீட்டில் யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். பக்கத்தில், சேதி கேட்டு ஓடி வந்த வீரலட்சுமி நின்றிருந்தாள். வீரலட்சுமி ஒருத்தியிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஆகாரம் இல்லை என்பது மீன்கடை வருவதற்குள் காலி கேரியர் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிற எல்லாரிடமும் நான் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். ராமாத்தாக்கா ஒரு குற்றமும் செய்யவில்லை. தினமும் சோறு போனது. பஸ்ஸை நிறுத்தினார்கள், அதுதான் ஆளைக் கொன்றது. பீடி வாங்குகிறவனுக்கு ஒரு தடவை, வெற்றிலை வாங்குகிறவனுக்கு விளக்கமாக ஒரு தடவை. நாலு பேராவது நம்பினார்கள்.

ஒருநாள் காலையில் அக்கா விளக்குமாற்றோடு கடைமுன்னால் வந்து நின்றாள். சுற்றிலும் ஆள் இருந்தது.

"பஸ்ஸுதான் கொன்னுச்சுன்னு சொல்லிட்டிருக்கறியாமே?"

"ஆமாக்கா. உன் பேரு கெடக்கூடாதில்ல."

"என் பேர நீ தூக்கி நிறுத்த வேண்டாம். இவங்களும் கேக்கட்டும். காலிக் கேரியர் அனுப்பினேன்னு சொல்றது பொய்யி. ஒருநாளும் காலியா அனுப்பல. ஆனா காலியா வந்தத தெனமும் தொறந்து பாத்தவ நாந்தான். உப்புக்கல்லு வரல, மாத்திர அட்ட வரல. அந்த ஆளு நாக்கு அப்படி அடங்கற நாக்கா? எனக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சுது. அந்த ஆளே சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன். பஸ்ஸு ஓடியிருந்தா ரெண்டு பேரும் இதே வீம்போட இன்னும் பத்து வருசம் உசுரோட கெடந்திருப்போம். அதச் சொல்றதுன்னா இதையும் சேத்துச் சொல்லு. பாதிய மட்டும் சொல்லாத."